வெள்ளகோவிலிலிருந்து லண்டன் எத்தனை மணி நேரம்?

கோவையிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம் என்று கைபேசியில் தட்டினால் உடனே பதில் வந்துவிடுகிறது: சுமார் 8,200 கிலோமீட்டர். பக்கத்திலேயே பறக்கும் நேரம் பத்தரை மணி சொச்சம் என்றும் போட்டிருக்கும். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த நேரத்தில் கோவையிலிருந்து லண்டன் போய்ச் சேர வழியில்லை, ஏனென்றால் இந்த இரண்டு ஊருக்கும் நடுவே நேர் விமானம் இல்லை. மகளை மேற்படிப்புக்கு இங்கிலாந்து அனுப்பும் வெள்ளகோவில் தறிக்காரர் குடும்பத்துக்கு அந்த இரண்டு எண்ணும் அதிகம் உதவாது. எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், நடுவழியில் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும், எப்போது ஹாஸ்டலில் பெட்டியை இறக்கி வைக்கலாம் என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். அந்தக் கேள்விக்கான பதிலில் கிலோமீட்டருக்கு உள்ள பங்கு நாம் நினைப்பதைவிடச் சிறியது. தூரத்தைப் பூமி முடிவு செய்கிறது. பயண நேரத்தில் பெரும்பகுதியை அரசுகளின் ஒப்பந்தங்களும், விமானக் கம்பெனிகளின் டைம் டேபிளும், நம் ஊர்ச் சாலைகளும் முடிவு செய்கின்றன. மனிதர்கள் கையில் இருப்பது என்பதால் அதை மனிதர்கள் குறைக்கவும் முடியும். கோவை, திருப்பூர், கரூர் வட்டாரத்தில் ‘ஓடுதளத்தை நீட்டுங்கள், நேர் விமானம் விடுங்கள்’ என்ற கோரிக்கை பல வருடங்களாக எழுப்பப்படுகிறது. கோரிக்கை நியாயமானதே. ஆனால் இரண்டாவதாகக் கேட்க வேண்டியதை அது முதலில் கேட்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் அந்த 8,200 எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். ஒரு பூகோள உருண்டையும் கொஞ்சம் நூலும் இருந்தால் போதும். நூலுக்குப் பஞ்சமில்லாத வட்டாரம் இது. வித்தியாசம் பளிச்சென்று தெரிய லண்டனை விட்டுவிட்டு நியூயார்க்கை எடுத்துக்கொள்வோம். நூலின் ஒரு முனையைக் கோவை மேல் வைத்து, மறுமுனையை நியூயார்க் மேல் வைத்துத் தொய்வில்லாமல் இழுத்துப் பிடித்தால், பள்ளிக்கூடச் சுவர் மேப்பில் பழகிய கண்ணுக்கு ஆச்சரியமாக இருக்கும். அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று நூல் நேர் மேற்கே போவதில்லை. வடமேற்கே ஏறி மகாராஷ்டிரம், குஜராத், பாகிஸ்தானின் சிந்து, ஆப்கானிஸ்தான், துர்க்மெனிஸ்தான், கஜகஸ்தான் என்று கடந்து, மாஸ்கோவை ஏறக்குறைய உரசிக்கொண்டு, ஸ்வீடன், நார்வே, ஐஸ்லாந்து வழியாகக் கிரீன்லாந்தின் தென்முனையை ஒட்டி இறங்கி, கனடாவின் கிழக்குக் கரையைத் தொட்டு நியூயார்க் சேர்கிறது. உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இதைவிடக் குறுகிய வழி கிடையாது. இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். நீளம் சுமார் 13,500 கி.மீ. எந்தத் தூரக் கணிப்பானும் இந்த நூலைத்தான் அளந்து சொல்கிறது. அதை ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி கூட்டினால் பயண நேரம் என்று ஓர் எண் வந்துவிடும்.

அந்த நூலின் மேல் இப்போது அரசியலை வைத்துப் பாருங்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யாவும் மேற்கு நாடுகளும் ஒன்றின் விமானங்களுக்கு மற்றொன்று வானத்தை மூடின. அமெரிக்க, ஐரோப்பிய விமானங்கள் மாஸ்கோ பக்கமே போக முடியாது. 2025 ஏப்ரல் 24-ல் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. மாதாமாதம் அந்தத் தடையை நீட்டித்துக்கொண்டே போனது. ஆக, இந்திய விமானத்துக்கு ரஷ்யா திறந்திருக்கும், பாகிஸ்தான் மூடியிருக்கும். அமெரிக்க விமானத்துக்குப் பாகிஸ்தான் திறந்திருக்கும், ரஷ்யா மூடியிருக்கும். அந்த நூலின் மேலேயே முழுவதும் பறந்து செல்ல இரண்டு நாட்டுக் கம்பெனிகளாலும் முடியாது. பின்லாந்தின் ஃபின்ஏர் கம்பெனிக்கு நடந்தது இதைவிடக் கடுமையானது. ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ரஷ்யா மேலே ஒன்பதரை மணியில் போய்க்கொண்டிருந்த விமானங்கள், வானம் மூடியபின் வடதுருவத்தைச் சுற்றிக்கொண்டு பதின்மூன்று மணி நேரம் பறக்க வேண்டியதாயிற்று. இரண்டு ஊரும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன. நம் பக்கத்துக்கு இதில் ஒரு சின்ன ஆறுதல் உண்டு. தில்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்களைப் பாகிஸ்தானின் தடை சுற்றவிட்டது. அதே காரணத்தால் அல்மாட்டி, தாஷ்கண்ட் விமானங்களை இண்டிகோ நிறுத்தவே வேண்டி வந்தது. கோவை, திருச்சியிலிருந்து வளைகுடா போகும் விமானங்கள் அரபிக்கடலைக் கடந்து ஓமான் பக்கமாக நுழைபவை. அவற்றை அந்தத் தடை தொடவே இல்லை.

அரசியலுக்கு அடுத்தது காற்று. பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுற்றுகிறது, ஆகவே மேற்கே போகும் விமானத்துக்கு ஊர் எதிரே வந்து சேரும், சீக்கிரம் போய்விடலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுற்றுவதால் சுழற்சியினால் நேரடி ஆதாயம் இல்லை. ஒன்பது முதல் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகக் காற்றோட்டம்தான் விமான நேரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும். குளிர்காலத்தில் அது மணிக்கு 300 கி.மீ.யைக்கூடத் தாண்டும். 2020 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747, புயலோடு வந்த காற்று முதுகில் தள்ள, 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. எதிர்த்திசையில் அதே தூரத்துக்கு ஏழரை, எட்டு மணி நேரம் சாதாரணம். இன்னும் தெளிவான சாட்சி நம் நாட்டிலேயே இருக்கிறது. தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஏர் இந்தியா மேற்கே அட்லாண்டிக் வழியாகப் போய்க்கொண்டிருந்தபோது தூரம் சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் அதைத் திருப்பி, கிழக்கே பசிபிக் வழியாக விட்டார்கள். தூரம் 15,300 கி.மீ. ஆனது, பயணமோ ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைந்து பதினான்கரை மணியில் முடிந்தது. ஆயிரத்து நானூறு கி.மீ. கூடுதலாகப் பறந்து முன்னதாகப் போய்ச் சேர்ந்தார்கள் என்றால், கிலோமீட்டரைப் பார்த்து நேரத்தைச் சொல்லும் பழக்கத்தை நாம் கைவிடத்தான் வேண்டும்.

அப்படியானால் வேகமான விமானம் வந்தால் எல்லாம் சரியாகிவிடாதா? அந்த எதிர்பார்ப்புக்கு வரலாறு இடம் தரவில்லை. 1929 மார்ச்சில் இம்பீரியல் ஏர்வேஸ் லண்டன்–கராச்சி சேவையைத் தொடங்கியபோது பயணம் ஏழு நாள்; அதில் ஒரு பகுதியை ரயிலில் வேறு கடக்க வேண்டும். 1948 ஜூன் 8-ல் ஏர் இந்தியா இண்டர்நேஷனலின் ‘மலபார் பிரின்சஸ்’ பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டன் போக ஏறக்குறைய ஒரு நாள் எடுத்தது. 1960-ல் ஏர் இந்தியாவுக்குப் போயிங் 707 ஜெட் வந்ததும் பறக்கும் வேகம் மணிக்கு 900 கி.மீ.யை எட்டியது. அத்தோடு நின்றுவிட்டது. இன்றைய 787-ம் அதே வேகத்தில்தான் பறக்கிறது. நடுவில் 1976 முதல் 2003 வரை பயணிகளை ஏற்றிய கான்கார்ட் ஒலியைவிட வேகமாகப் பறந்தது. எரிபொருள் செலவையும் கட்டணத்தையும் தாக்குப்பிடிக்க முடியாமல் ஓய்ந்தது. அறுபத்தைந்து வருடமாக வேகம் கூடாமலேயே பயண நேரம் குறைந்திருக்கிறது என்றால், எது குறைந்தது? நடுவில் இறங்கி எண்ணெய் ஊற்றுவது குறைந்தது, வாரம் ஒரு விமானம் தினம் ஒன்றானது, ஒரு விமானத்திலிருந்து அடுத்ததற்கு மாறும் ஏற்பாடு சீரானது. தரையில் வீணாகும் நேரத்தைக் குறைத்ததுதான் பெரிய சாதனை. சேமிக்க மிச்சம் இருப்பதும் அங்கேதான்.

வெள்ளகோவில் வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டால் இது புரியும். ரயில் நிலையம் இல்லாத ஊர். திருச்சி–கோவை தேசிய நெடுஞ்சாலைதான் வழி. காங்கயம், பல்லடம், சூலூர் வழியாகக் கோவை விமான நிலையம் சுமார் 85 கி.மீ., காரில் இரண்டு மணி நேரம். பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய்ச் சேர வேண்டும். கோவையிலிருந்து ஷார்ஜாவுக்கு ஏர் அரேபியா பல வருடங்களாகப் பறக்கிறது. 2024 ஆகஸ்டில் இண்டிகோ அபுதாபிக்குத் தொடங்கியது. அபுதாபி வழியாக லண்டன் போவதாக வைத்துக்கொள்வோம். முதல் விமானம் நான்கு மணி நேரம், இரண்டாவது ஏழரை. லண்டனில் இமிக்ரேஷன் வரிசையும் பெட்டி எடுப்பதும் ஒன்றரை. கூட்டினால் பதினெட்டு மணி. இதோடு அபுதாபியில் காத்திருக்கும் நேரத்தைச் சேர்க்க வேண்டும். அது மூன்று மணியாக இருந்தால் மொத்தம் இருபத்தொன்று. ஒன்பதாக இருந்தால் இருபத்தேழு. விமானம் மணிக்கு 850, 900 கி.மீ. வேகத்தில் பறக்கலாம். வீட்டிலிருந்து லண்டன் போய்ச் சேருகிறவரின் உண்மையான வேகம், நல்ல இணைப்பு கிடைத்தால் மணிக்கு 400, கிடைக்காவிட்டால் 310.

இதில் கிலோமீட்டருக்கு என்ன பங்கு? கோவை–அபுதாபி சுமார் 2,790 கி.மீ., அபுதாபி–லண்டன் சுமார் 5,520. மொத்தம் 8,310. நேர்க்கோட்டு நூல் 8,185. வளைகுடா வழியாகப் போவதால் கூடுவது வெறும் 125 கி.மீ., அதாவது பத்து நிமிடப் பறத்தல். ‘சுற்றுவழி’ என்று நாம் சலித்துக்கொள்ளும் பாதை உண்மையில் சுற்றுவழியே அல்ல. நம் ஊரிலிருந்து ஐரோப்பாவுக்கு இழுத்த நூல் வளைகுடாவுக்குப் பக்கத்திலேயேதான் போகிறது. துபாயும் தோஹாவும் அபுதாபியும் உலகச் சந்திப்புகளாக வளர்ந்ததில் இந்த அமைவிடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மும்பை வழியாகப் போனாலும் தூரம் கிட்டத்தட்ட கூடுவதில்லை. ஆக, நாம் இழப்பது பாதையில் அல்ல, காத்திருப்பில். அந்தக் காத்திருப்பு தற்செயலாக வருவதும் அல்ல. பெரிய சந்திப்பு நிலையங்களில் விமானங்கள் அலை அலையாக வந்து இறங்கும். ஓர் அலை இறங்கி ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் அடுத்த அலை கிளம்பும். கோவை விமானம் ஓர் அலைக்கு முன்னால் போய் இறங்கினால் பயணி தப்பித்தார். அலை கிளம்பிய பிறகு இறங்கினால் அரை நாள் நாற்காலியில்தான். கோவையில் ஒரு விமானம் இரண்டு மணி நேரம் முந்தியோ பிந்தியோ கிளம்புவது, மறுமுனையில் ஆறு மணி நேர வித்தியாசமாக மாறிவிடும்.

இதைவிட வேதனையான இடம் ஷார்ஜா. கோவையிலிருந்து 2,770 கி.மீ. கடந்து ஷார்ஜாவில் இறங்கியவருக்கு, உலகத்தின் பல பெருநகரங்களுக்கு விமானம் கிளம்பும் துபாய் நிலையம் சாலை வழியே முப்பது கி.மீ.கூட இல்லை. ஆனால் ஷார்ஜா நிலையத்தை விட்டு வெளியே வந்து துபாய்க்குப் போக அந்த நாட்டு விசா வேண்டும், பெட்டியை எடுத்து மறுபடி செக்கின் செய்ய வேண்டும். இரண்டு டிக்கெட்டும் தனித்தனியாக எடுத்திருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால் இரண்டு கம்பெனிக்கும் பொறுப்பில்லை, நஷ்டம் பயணிக்கே. ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு கம்பெனியுடையது. வெளிநாடு அனுப்பும் பெற்றோர் விலைப் பட்டியலில் ஐயாயிரம் ரூபாய் குறைவாக இருப்பதைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த ஒன்றைப் பார்க்க வேண்டும்.

‘இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்றுதானே கோவையிலிருந்து நேர் விமானம் கேட்கிறோம்’ என்று கேட்பார்கள். அப்படி ஒன்று வந்தால் வெள்ளகோவில் வாசலிலிருந்து பதினேழு மணி சொச்சத்தில் லண்டன் போகலாம். நல்ல இணைப்போடு ஒப்பிட்டால் மிச்சம் நான்கு மணிக்கும் கொஞ்சம் குறைவு. நல்ல இணைப்புக்கும் மோசமான இணைப்புக்கும் நடுவே இருந்த வித்தியாசமோ ஆறு மணி. அதுவும் தினமும் ஓடினால்தான் இந்தக் கணக்கு. 250, 300 இருக்கை கொண்ட பெரிய விமானத்தைத் தினமும் நிரப்ப முடியாத ஊருக்கு வாரத்தில் இரண்டு, மூன்று நாள்தான் விடுவார்கள். ஏற்றுமதியாளர் ஒருவரைச் செவ்வாய்க்கிழமை பையர் (வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவர்) கூப்பிட்டு வெள்ளிக்கிழமை நேரில் பேசலாம் என்கிறார். நேர் விமானம் ஞாயிற்றுக்கிழமை என்றால் அதனால் என்ன லாபம்? நேர் விமானம் இருக்கும் ஊரிலிருந்து போனால் எப்போதும் முந்திப் போய்ச் சேரலாம் என்பதும் இல்லை. சென்னையிலிருந்து லண்டனுக்கு நேர் விமானம் இருக்கிறது. வெள்ளகோவிலிலிருந்து சென்னைக்கு 400 கி.மீ.க்கு மேல், காரில் ஏழரை மணியாகும். அங்கே மூன்று மணி, பறக்கப் பதினொன்று, இறங்கி ஒன்றரை: மொத்தம் இருபத்து மூன்று. கோவையில் ஏறி அபுதாபியில் மூன்று மணி உட்கார்ந்து போகிறவர் இவருக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்திருப்பார்.

ஓடுதள வாதமும் இதைப் போலத்தான். கோவை ஓடுதளம் 2,990 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் வெயில் ஊர். உயரத்திலும் வெப்பத்திலும் காற்று லேசாகிவிடுவதால் முழுச் சுமையோடு ஒரு பெரிய விமானம் எழும்ப அதிக நீளம் வேண்டும். ஆகவே 600 ஏக்கருக்கும் மேல் நிலம் எடுத்து ஓடுதளத்தை நீட்டும் திட்டம் தேவையானதே. ஆனால் நீண்ட ஓடுதளம் மட்டும் விமானத்தைக் கொண்டுவராது என்பதைப் பக்கத்துக் கேரளத்தில் கண்ணூர் காட்டிவிட்டது. 2018 டிசம்பரில் 3,050 மீட்டர் ஓடுதளத்தோடு திறந்த விமான நிலையம் அது. வளைகுடாவில் உறவினர் இல்லாத வீடு அரிதான வட்டாரம். இருந்தும் வெளிநாட்டு விமானக் கம்பெனிகள் அங்கே வந்துபோக மத்திய அரசு அனுமதி தரவில்லை. இந்தியக் கம்பெனிகளை மட்டும் நம்பித் திணறியது. எந்த நாட்டுக் கம்பெனி இந்தியாவில் எந்த ஊரில் இறங்கலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கை என்பதெல்லாம் இரு நாட்டு ஒப்பந்தங்களில் எழுதப்படுகிறது. துபாய்க்கும் இந்தியாவுக்கும் நடுவே ஒவ்வொரு பக்கத்துக்கும் வாரம் சுமார் 66,000 இருக்கை என்ற உச்சவரம்பு 2014 முதல் நகராமல் நிற்கிறது. நம் நாட்டுக் கம்பெனிகள் வளர வேண்டும், பயணிகளை எல்லாம் வளைகுடாக்காரர்கள் அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாது என்பது அரசு சொல்லும் காரணம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பாதுகாப்புக்கான விலையைத் தில்லி, மும்பைக்காரர்கள் தருவதில்லை. அவர்களுக்கு நேர் விமானம் இருக்கிறது. காத்திருப்பு மணிகளாக அதைத் தருவது கோவை, திருச்சி, மதுரையை நம்பி இருக்கிற ஊர்கள்தான். கோவைக்கு 2012-ல் பன்னாட்டு நிலையம் என்ற தகுதி கிடைத்தது. ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் பேர் வந்துபோகும் நிலையத்தில் இன்றும் பன்னாட்டுப் பயணிகள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

தூரத்துக்கு முக்கியத்துவமே கிடையாதா என்றால், உண்டு. எரிபொருள் வாங்குகிறவருக்கு உண்டு. 2019-ல் பாகிஸ்தான் சில மாதம் வானத்தை மூடியபோது சுற்றிப் பறந்ததால் ஏர் இந்தியாவுக்கு ஜூலை 2 வரை 491 கோடி ரூபாய் நஷ்டம் என்று நாடாளுமன்றத்தில் மத்திய அமைச்சர் சொன்னார். பாதை நீண்டால் எண்ணெய் கூடும், பைலட்டுகள் கூடுவார்கள், ஏற்றும் சரக்கு குறையும். ஆனால் பயணி தரும் கட்டணம் கிலோமீட்டரைப் பின்பற்றுவதில்லை. ஒரே வழியில் எத்தனை கம்பெனி போட்டியிடுகிறது, எந்த மாதம், எத்தனை நாள் முன்னால் வாங்கினார் என்பதைத்தான் அது பின்பற்றுகிறது. தூரம் கம்பெனியின் கவலை, நேரம் பயணியின் கவலை.

இந்த உண்மையைத் திருப்பூருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊரில் ஹாம்பர்க் 7,500 கி.மீ. என்று எந்தக் கம்பெனியும் பேசுவதில்லை. லீட் டைம் (ஆர்டர் கிடைத்ததிலிருந்து சரக்கு போய்ச் சேரும் வரை) எத்தனை நாள் என்றுதான் பேசுகிறது. தூத்துக்குடியில் ஏற்றும் கண்டெய்னர் பெரும்பாலும் சின்னக் கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறித்தான் ஐரோப்பா போகிறது. விமானப் பயணிக்கு அபுதாபி எப்படியோ சரக்குக்குக் கொழும்பு அப்படி. அங்கேயும் இணைப்புக் கப்பல் தவறினால் நாட்கள் போகும். 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதும் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்ற வேண்டியதாகி, ஐரோப்பாவுக்குப் போகும் பனியனும் டி-ஷர்ட்டும் இரண்டு வாரம் வரை தாமதமாயின. துணி கட்டிங் டேபிளிலும் செக்கிங்கிலும் இரவு பகலாக மிச்சம் பிடித்த நாட்கள் கடலில் கரைந்தன. ஷிப்மெண்ட் தேதி தவறினால் விமானத்தில்தான் அனுப்ப வேண்டும். ஒரு பீஸில் கிடைக்கும் லாபம் அதிலேயே போய்விடும். கோவையிலிருந்து வெளிநாடு பறக்கும் சின்ன விமானங்களின் வயிற்றில் பயணிகளின் பெட்டி போக மிஞ்சுவது சில டன்னுக்கு மட்டும் இடம். அதனால் சரக்கு லாரியேறிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ கொச்சிக்கோ போகிறது. இந்த இடத்தில் ஓடுதளம் கேட்பவர்களின் வாதம் வலுவானது, ஒப்புக்கொள்ள வேண்டும்: பெரிய விமானம் வந்தால் பயணியைவிடச் சரக்குக்குத்தான் முதல் நன்மை. ஆயினும் அங்கேயும் பறப்பது பத்து, பதினோரு மணிதான். ஃபேக்டரி வாசலிலிருந்து பையரின் குடோன் வரை நாட்கணக்காவது லாரியிலும், கஸ்டம்ஸிலும், எக்ஸ்ரே பரிசோதனையிலும், விமானத்தில் இடம் கிடைக்கக் காத்திருப்பதிலும்.

வெள்ளகோவில் போன்ற சின்ன நகராட்சியிலிருந்து எத்தனை பேர் வெளிநாடு பறக்கப் போகிறார்கள், இதற்கு இவ்வளவு பேச்சு எதற்கு என்றும் ஒரு கேள்வி வரும். எந்த விமான நிலையமும் தான் இருக்கும் நகரத்தை மட்டும் நம்பி நிரம்புவதில்லை. காங்கயம், தாராபுரம், மூலனூர், கரூர், ஈரோடு என்று நூறு கி.மீ. சொச்சம் சுற்றுவட்டாரத்தில் உள்ள ஊர்களின் பத்துப் பத்துப் பேர் சேர்ந்துதான் ஒரு விமானம் நிரம்புகிறது. வெள்ளகோவில்காரர் முன்னால் இரண்டு வழி இருக்கிறது: மேற்கே 85 கி.மீ.யில் கோவை, கிழக்கே கரூர் தாண்டிச் சுமார் 125 கி.மீ.யில் திருச்சி. 2024 ஜனவரியில் புது முனையம் திறந்த திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் என்று வெளிநாட்டு விமானங்கள் அதிகம். நாற்பது கி.மீ. கூடுதல் சாலை என்பது முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணியைக் கொடுத்து இணைப்பில் நான்கு மணி மிச்சமானால் திருச்சிதான் அவருக்குப் பக்கத்து விமான நிலையம். நல்ல இணைப்பு நேரம் கோவையில் கிடைக்காவிட்டால் அந்தப் பயணிகள் கிழக்கே திரும்பிவிடுவார்கள். பிறகு கோவைக்குப் பெரிய விமானம் கேட்கும்போது காட்ட எண்ணிக்கை இருக்காது.

ஆகவே ஏற்றுமதியாளர் சங்கங்களும் மக்கள் பிரதிநிதிகளும் தில்லியில் முதலில் கேட்க வேண்டியவை மூன்று. ஒப்பந்தங்களில் கோவைக்கு வளைகுடாவிலிருந்து கூடுதல் இருக்கை. இருக்கிற விமானங்கள் மறுமுனையில் ஐரோப்பிய அலைக்கு முன்னால் போய் இறங்கும்படி நேரம். கோவையில் பெட்டியைப் போட்டால் லண்டனிலோ ஃபிராங்க்ஃபர்ட்டிலோ எடுக்கும்படி ஒரே டிக்கெட். இவற்றுக்கு ஓர் ஏக்கர் நிலமும் வேண்டாம். ஓடுதள வேலை அதன் போக்கில் நடக்கட்டும்.

தில்லியைக் கேட்காமலேயே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. வெள்ளகோவிலிலிருந்து கோவை போகும் பஸ் திருச்சி ரோட்டில் சூலூர் தாண்டிச் சிங்காநல்லூருக்குப் போகிறது. விமான நிலையமோ அவினாசி ரோட்டில். காரில் வருகிறவர் சிந்தாமணிப்புதூரில் பைபாஸில் திரும்பி, நீலம்பூர் வழியாகப் போய்விடுவார். பஸ்ஸில் வருகிறவர் விமான நிலையத்துக்குச் சில கி.மீ. தூரத்திலேயே அதைக் கடந்துபோய், இரண்டு பெட்டியோடு சிங்காநல்லூரில் இறங்கி, ஆட்டோவோ டாக்ஸியோ பேசித் திரும்பி வர வேண்டும். விடியற்காலை விமானம் என்றால் அதற்கும் வழியில்லை. வீட்டிலிருந்தே டாக்ஸி வைக்க வேண்டும், வழியனுப்ப இரண்டு பேர் தூக்கம் கெட வேண்டும். ஷார்ஜா, அபுதாபி, சிங்கப்பூர் விமானங்கள் வந்துபோகும் நேரத்தை ஒட்டிச் சிந்தாமணிப்புதூர் சந்திப்பிலிருந்து விமான நிலையத்துக்கு ஒரு மினி பஸ்ஸும், கரூரிலிருந்து வெள்ளகோவில், காங்கயம், பல்லடம் வழியாக நேரே விமான நிலைய வாசலுக்கு இரவில் ஒரு பஸ்ஸும் அரசுப் போக்குவரத்துக் கழகம் விட்டால், லண்டன் போகிறவருக்கும் ஷார்ஜாவில் கூலிவேலைக்குப் போகிறவருக்கும் சேர்த்து மிச்சமாகும் நேரமும் பணமும் கணிசமானவை. டாக்ஸிக்குக் கொடுக்கும் காசு அந்த இரண்டாவது ஆளுக்கு முதல் மாதச் சம்பளத்தில் கடனாக நிற்கும் காசு.